கடலும் கரையும் நம்மிடம் உள்ள அமானத்

(டிரஸ்ட் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, மருத்துவ உதவி, ஏழைக் குமருகளின் திருமணம் என்றுதான் இந்த மேடையில் வழக்கமாகப் பேசுவோம். இன்று கடற்கரையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் மையவாடியின் கிழக்குச் சுவரை அலை தொட்டுவிட்டது. நம் சிறுவயதில் அந்தச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே வலை காயப் போடுவார்கள். நாம் பந்து விளையாடுவோம். இன்று அந்த மணல் இல்லை.

உடனே கல் கொட்டலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்கலாம். ஆனால் மணல் ஓட்டம் தடைபட்டு அடுத்த கரை அரிபடும். அங்கே குடியிருப்பவர்களும் நம் சகோதரர்களே. ஆகவே பொறியாளர்களின் ஆலோசனை இல்லாமல் கல் கொட்டுவதில்லை என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டாண்டு காலமாக வெட்டி எடுத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். நம் கரையோரப் பழைய வீடுகள் பலவற்றின் சுவரிலும் அந்தக் கல் இருக்கிறது. முன்னோர்கள் அறியாமல் செய்தார்கள், நாம் அறிந்தவர்கள். அலையின் வேகத்தை முதலில் தாங்குவது பாறை. அடிமணலைப் பிடித்து வைப்பது கடற்புல்.

அந்தப் புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்று நாம் சொல்லும் கடற்பசு. பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் பிராணி. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் மூச்சுமுட்டி மவுத்தாகிவிடும். ஒரு காலத்தில் இறைச்சிக்காக அதைப் பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

ஆனால் நடுக்கடலில் கத்தியை எடுத்து வலையை அறுக்க வேண்டியவர் நம் மீனவர். "ஆமையை விட்டால் நன்மைதான் காக்கா, நாளைக்கு எதை வைத்துத் தொழிலுக்குப் போவது?" என்று ஒரு சகோதரர் நம் அலுவலகத்தில் வந்து கேட்டார். அது கடனுக்கு வாங்கிய வலை. அன்று அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்துவிட்டோம்.

இன்று சொல்கிறோம். கடற்பசுவையோ ஆமையையோ விடுவிக்க வலையை அறுத்தவருக்கு, உடன் சென்றவர்கள் இருவர் சொன்னால் போதும், வலைச் செலவை டிரஸ்ட் ஏற்கும். இது சதகா நிதியிலிருந்து மட்டுமே. ஜகாத் பணத்தைத் தொட மாட்டோம். கிழிந்த வலைகளைக் கடலில் எறியாமல் அலுவலகத்தில் கொண்டுவந்து ஒப்படையுங்கள். வசதியுள்ளவர்கள் மாதம் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்குங்கள்.

நம் பெற்றோர் அடங்கியிருக்கும் மண்ணையும், நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் கடலையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் பங்கைச் செய்ய நமக்குத் தவ்ஃபீக் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.