நெய்யும் நல்லெண்ணெயும் தராத கொழுப்பு

(செங்கற்பட்டில் நம் அறக்கட்டளை நடத்திய விழாவில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாப் பந்தியில் ஓர் அம்மையார் என்னைத் தனியே அழைத்துக் கேட்ட வினாவே இன்றைய உரைக்குக் காரணம். கருவுற்றிருந்த அவர் மகளுக்கு மருத்துவர் மீன் எண்ணெய் மாத்திரை எழுதித் தந்திருந்தார். "உண்ணாவிட்டால் குழந்தையின் மூளைக்குக் கேடு என்கிறார்கள், உண்டால் நெறிக்குக் கேடு. என்ன செய்வது, ஐயா?" என்று கலங்கினார். அன்று என்னால் முழு விடை கூற இயலவில்லை.

கொழுப்பு என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருவது உண்மையே. ஆயினும் அது எரிபொருள் மட்டுமன்று. உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள சவ்வு ஈரடுக்குக் கொழுப்பினால் ஆனது. மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு வகைகளே.

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. நெய்யில் பெரும்பாலானவை நேரான சங்கிலிகள், நெருங்கி அடுங்கும். ஆதலால் மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புள்ள இடங்களில் வளைவு உண்டு. நெருங்க இயலாமையால் உறைவதில்லை. மருத்துவர் குறித்த டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 அமிலத்தில் 22 கார்பன்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். அந்த நெகிழ்ச்சியே விழித்திரைக்கும் மூளைக்கும் வேண்டப்படுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வல்லுநர் குழு கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமேனும் இதனைப் பரிந்துரைத்துள்ளது.

நம் அடுக்களையில் இது இல்லை. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-6 மிகுதி. ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். ஆளிவிதையில் 18 கார்பன் கொண்ட ஒமேகா-3 நிறைய உண்டு. அதை டிஹெச்ஏ ஆக நீட்டும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டெனினும், மாறுவது மிகச் சிறு பங்கே. ஒமேகா-6 மிகுந்தால் அதுவும் குறையும்; இரண்டிற்கும் நொதிகள் ஒன்றே.

மீனுக்கு இது எங்கிருந்து வந்தது? மீன் பெரும்பாலும் இதைத் தானே செய்வதில்லை. கடலின் நுண்பாசி செய்கிறது. பாசியைச் சிற்றுயிர் உண்ண, சிற்றுயிரை மீன் உண்ண, படிப்படியாகச் சேர்கிறது. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை நம் கடற்கரையில் உள்ள இறால் பொரிப்பகங்களைக் கண்டிருப்பீர்கள். அங்கே குஞ்சுகளுக்கு உணவாக நுண்பாசியைத் தொட்டிகளில் வளர்க்கின்றனர். அத்தகைய நுண்பாசிகளில் சிலவற்றை வளர்த்து, நேரே எண்ணெய் எடுத்த டிஹெச்ஏ மாத்திரைகள் இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மீன் இடையில் வர வேண்டியதில்லை.

பாசியை அனந்தகாயம் என விலக்குவோர் நம்மில் உளர். அவ்வையத்தை வேதியியல் தீர்க்காது; முனிவர்களிடம் கேட்க வேண்டியது அது. மீனுக்கும் பாசிக்கும் இடையே தேர்வு உண்டு என்பதை மட்டும் மருத்துவரிடம் துணிந்து சொல்லுங்கள். எழுதித் தந்த மாத்திரையை வாயே திறவாமல் வாங்கிவந்து, பின் எவரும் அறியாமல் பரணில் ஒளித்து வைப்பதுதான் பெருங்கேடு. அதையும் நான் கண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் ஆளிவிதையை இலேசாக வறுத்து, எள்ளுப்பொடி போல் இடித்து இட்டலிக்குத் தொட்டுக்கொள்ளலாம். முழுவிதை செரிக்காமலே வெளியேறிவிடும். பொடி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். சிறிது சிறிதாகவே இடியுங்கள்.

பி12 வைட்டமினைப் பற்றியும் ஒரு சொல். அது கொழுப்பன்று, ஆனால் நம் வீடுகளில் குறைவது அதுவுமே. பாலும் தயிரும் தருவது சிலருக்குப் போதுவதில்லை. இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

மாத்திரை வாங்கும்போது எண்ணெயின் மூலத்தோடு உறையின் மூலத்தையும் படியுங்கள். பாசி எண்ணெயையே ஜெலட்டின் உறையில் அடைத்தும் விற்பதுண்டு. ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. தாவர உறையில் அடைத்தவையும் உள்ளன. கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.