தொழில் தந்த நோயும் இழப்பீட்டு உரிமையும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். இந்த நோய்க்கு இழப்பீடு பெறுவதற்கு மருந்தைவிட எழுத்தே முதலில் வேண்டியிருப்பதால் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், பாறையினுள் நாராக விளையும் கனிமம். தீயில் எரியாது, எளிதில் தேயாது. ஆகையால் கூரைத் தகடும், குழாயும், வண்டிகளின் பிரேக்கும், கொதிகலனின் மேலுறையும் அதைக்கொண்டு செய்யப்பட்டன. மூட்டை பிரித்தவர், கலவையில் கொட்டியவர், தகடு அறுத்தவர், தரை பெருக்கிய பெண்கள் எல்லாரும் அதன் தூசியைச் சுவாசித்தார்கள். பிறர் மறுக்கும் தூசி வேலை, ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் எவர் தலையில் விழும் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த நார் கண்ணுக்குப் புலப்படாத நுண்மை உடையது. மூச்சோடு சென்று நுரையீரலில் தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரல் தழும்பேறி விரிய மறுக்கும், இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றும், நுரையீரலின் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றும் இதனால் வரக்கூடும். பல வேளை 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படும். அதற்குள் ஆலை கைமாறியிருக்கும், மேஸ்திரி மறைந்திருப்பார், உழைத்தவரும் ஊர் திரும்பியிருப்பார். இருமிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. என்ன வேலை பார்த்தீர் என்று கேட்பவர் அரியர்.

சட்டம் நமக்குத் துணை இல்லாமல் இல்லை. டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய காலத்தில், 1944இல், தொழிலாளர் நலக் காப்பீடு பற்றிய அடார்க்கர் அறிக்கை வந்தது. 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் அதன் வழியில் எழுந்தது. அச்சட்டத்திலும் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்சார் நோய்களின் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் இவ்விரண்டின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது; நோய்ப் பட்டியல் அதிலும் தொடர்கிறது.

இவற்றினும் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டியது ஒரு தீர்ப்பு. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் 1986இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 சனவரி 27 அன்று அதனை வழங்கியது. எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி, ஒடுக்கப்பட்ட மக்களிடையிலிருந்து அம்மன்றத்துக்கு உயர்ந்த மிகச் சிலருள் ஒருவர். தொழிலாளியின் உடல்நலம், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும் என்றது. மறுபரிசோதனையில் தேசியத் தொழில்நல நிறுவனம் நோயுற்றவர் எனச் சான்றளிப்போருக்கு 3 மாதத்துள் 1 லட்சம் ரூபாய் தரவும் ஆணையிட்டது. 40 ஆண்டு என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மெல்ல வரும் நோய்க்குப் பொருந்திய எண் அது.

ஆனால் ஏட்டில் பெயரே ஏறாதவருக்கு எந்த ஏட்டைக் காப்பது? ஒப்பந்தக்காரர் கூலி கொடுத்திருந்தாலும் முதன்மை முதலாளி இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறிற்று. புதிய தொகுப்பிலும் அப்பொறுப்பு உண்டு. எனினும் இன்ன ஆலையில் இன்ன ஆண்டுகளில் உழைத்தோம் என்று மெய்ப்பிக்கும் சுமை நம்முடையதாகி விடுகிறது. கருணைத் தொகை என்று சிறு பணத்தை நீட்டிக் கைநாட்டுக் கேட்டால், தாளைப் படிக்காமல் எவரும் கட்டைவிரலை மையில் வைக்கலாகாது. கேட்பது உரிமை, கருணையன்று.

ஆகவே நம் மாலை வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவின் முதியோரிடம் சென்று, ஆலையின் பெயர், பிரிவு, சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, ஒப்பந்தக்காரர், உடன் உழைத்தோர் ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். கூலிச் சீட்டு, நுழைவு அட்டை, இ.எஸ்.ஐ. எண், பி.எப். எண், பழைய எக்ஸ்ரே படம் எதையும் எறியலாகாது. உடன் உழைத்தோர் உயிரோடிருக்கையிலேயே அவர்தம் வாக்குமூலத்தை நோட்டரியிடம் உறுதி செய்ய வேண்டும். மருத்துவரிடம் பழைய தொழிலைச் சொல்லி அதைச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளோர் அந்த அலுவலகத்துக்கும், அல்லாதோர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அலுவலரிடமும் செல்லலாம். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. நோய் இன்னதென்று தெரிந்த பின் ஒரு மாதமும் வீணாக்கலாகாது.

இதற்கான நோட்டுப் புத்தகங்களைச் செயலாளர் இன்று மாலையே தருவார். எழுபது வயதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்.