தொகையிற் சேராத தாளம்

கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புதல் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் குறிகட்டுவான் துறைக்கு வரும் படகுகளிற் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கரையிலே நின்ற தாய்மார் எத்தனையோ பேர். அத்தகைய மக்களுக்குப் பிறிதொரு தீவிற் பிறந்த சிறுவன் ஒருவனின் வரலாறு எளிதில் விளங்கும்.

ஆபிரிக்காவின் கீழ்க்கரையை அடுத்த சன்சிபார் தீவில், 1946ஆம் ஆண்டிலே, பார்சிக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவன் பாரோக் புல்சாரா. எட்டு வயதளவிற் பெற்றோரைப் பிரிந்து, மேற்கிந்தியாவிலே பஞ்சகனி என்னும் மலையூரிலுள்ள விடுதிப் பாடசாலையிற் சேர்ந்தான். அங்கே பியானோ பயின்றான். தோழர்களுடன் கூடிச் சிறு வாத்தியக் குழுவொன்றும் அமைத்தான். 1964இற் சன்சிபாரிலே புரட்சி மூளவே, குடும்பத்தார் இங்கிலாந்திற் குடியேறினர். பிற்காலத்திற் பிரெடி மேர்க்குரி என்னும் பெயரோடு உலகறிந்த பாடகராக விளங்கியவர் அச்சிறுவனே. 1970இல் இலண்டனில் அவரும், கித்தார் வாசிக்கும் பிரையன் மேயும், முரசறையும் ரோஜர் டெய்லரும் 'குவீன்' என்னும் றொக் இசைக்குழுவைத் தொடங்கினர். மறு ஆண்டில் ஜோன் டீக்கன் வந்து சேர, நால்வராயினர்.

1974 முதல் 1980 வரை தாம் வெளியிட்டவற்றுள் மக்கள் பெரிதும் விரும்பிய பதினேழு பாடல்களைத் திரட்டி, 1981இல் ஓர் இசைத்தட்டாக அவர்கள் வெளியிட்டனர். 2022ஆம் ஆண்டளவில் ஐக்கிய இராச்சியத்தில் மட்டும் அது 70 இலட்சம் என்னும் விற்பனைத் தொகையை எட்டிற்று. அந்நாட்டில் வேறெந்த இசைத்தட்டும் அதற்கு முன் அவ்வெல்லையைத் தொட்டதில்லை.

திரட்டின் முதலில் நிற்பது 1975இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி'. ஏறத்தாழ ஆறு நிமிடம் நீள்வது; மெல்லிசையாய்த் தொடங்கி, இசைநாடகமாய் விரிந்து, பேரொலியாய் எழுந்து, மீண்டும் அடங்குவது. வானொலியில் ஒலிபரப்புவதற்கு இத்துணை நீளம் ஆகாது என்று அஞ்சியோர் உண்டு. ஆயினும் அது பிரித்தானியாவில் ஒன்பது வாரம் தொடர்ந்து முதலிடம் பெற்றது. இறுதியில் நிற்பவை 1977இல் வந்த இரு பாடல்கள். அவற்றுள் ஒன்று, இரண்டு முறை காலால் மிதித்து ஒரு முறை கைதட்டும் ஓசையையே ஆதாரமாக உடையது. பாடகரோடு கூட்டமும் சேர்ந்து பாடுவதைக் கண்ட பிரையன் மே, அக்கூட்டத்துக்கும் இசையிற் பங்கு கொடுக்க எண்ணி இயற்றியது அது.

தொகுத்தல் தமிழர்க்கு நன்கு பழகிய கலை. நான்கடி முதல் எட்டடி வரையுள்ள பாடல்களைக் குறுந்தொகையிலும், ஒன்பதடி முதற் பன்னிரண்டடி வரையுள்ளவற்றை நற்றிணையிலும், அவற்றின் நீண்டவற்றை அகநானூற்றிலும் சேர்த்தனர் நம் முன்னோர். குறுந்தொகையிற் சேர்ந்திராவிடின் செம்புலப்பெயனீரார் என்னும் புலவர் ஒருவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திராது. அவருக்கு எஞ்சியது அந்த ஒரு பாட்டே. தொகை காக்கும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் தொகையின் வாயிலிலே நின்றுபோனவை எத்தனை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேற்சொன்ன பதினேழு பாடல்களையும் இயற்றியோர் யாவர் என எண்ணுவோம். பத்து மேர்க்குரியினுடையவை, ஐந்து மேயினுடையவை, இரண்டு டீக்கனுடையவை. முரசறைந்த டெய்லர் இயற்றியது ஒன்றுமில்லை. அவரும் பாட்டு இயற்றியவரே. 'பொஹீமியன் ராப்சடி' சிறு தட்டாக வந்தபோது அதன் மறுபக்கத்தில் இருந்தது அவர் பாட்டே. எனினும், தனித்து விற்ற பாடல்களை அளவுகோலாகக் கொண்ட திரட்டில் அது இடம்பெறவில்லை. இயற்றியோர் பட்டியலை மட்டும் நோக்குபவன் அக்குழுவில் மூவரே இருந்தனர் என்று கருதக்கூடும். ஊன்றிக் கேட்பவனுக்கோ, பாட்டுக்குப் பாட்டு, நான்காமவரின் கை தாளத்திலே தெரியும்.

இவ்வுண்மையைத் தீவுப்பகுதி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனித் திருவிழாவில் நயினை நாகபூஷணி அம்மன் வீதியிலே நாதஸ்வரமும் தவிலும் முழங்கக் கேட்டவர் அறிவர். கீர்த்தனையை இயற்றியவர் பெயர் உண்டு. இராகத்துக்குப் பெயர் உண்டு. தவிற்காரர் அந்தக் கணத்தில் எழுப்பிய சொற்கட்டுக்கு எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. ஆயினும் கூட்டத்தைக் கட்டி நிறுத்துவது அதுவே. யாழ்ப்பாணம் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி, 1933இற் பிறந்து 1975இல் மறைந்தவர். அவர் புகழ் பாட்டு இயற்றியதால் வந்ததன்று. அடித்த அடியால் வந்தது. பாட்டின் பெயரால் மட்டும் திரட்டுவோமாயின் அத்தகையவருக்கு எங்கே இடம்?

இன்று தீவகத்துப் பிள்ளைகள் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். ஊரின் இசையாக அவர்கள் கைப்பேசியில் எடுத்துச் சென்றிருப்பது தெரிந்தெடுத்த சில பாடல்களே. அதிற் குற்றமில்லை, பயணம் போகிறவன் வீட்டையே சுமந்து செல்ல இயலாது. ஆனால் அச்சிலவே முழுமை என்று அவர்தம் மக்கள் எண்ணிவிட்டால், விடியுமளவும் கோயில் வீதியில் ஒலித்த தவில் அவர்களுக்கு வெறும் இரைச்சலாகிவிடும். திரட்டு ஒரு படலை; அதைத் திறந்து முற்றத்துக்குள் புகுதல் கேட்போர் கடமை.

டெய்லரின் கதை அத்துடன் முடியவில்லை. 1984இல் அவர் இயற்றிய 'ரேடியோ காகா' என்னும் பாடல் வெளிவந்தது. படக்காட்சி பெருகிய காலத்தில் வானொலியின் மீது கொண்ட அன்பைச் சொல்லும் பாட்டு அது. 1985 ஜூலை 13ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கிலே அதனைக் குழுவினர் பாடியபோது, ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் ஒருங்கே கையுயர்த்தித் தட்டினர். 1991இல் வந்த இரண்டாம் திரட்டில் அப்பாடலும் இடம்பெற்றது. முதற்றொகையில் விடுபட்டவரே வானொலிக்கு வாழ்த்துரைத்தார் என்பதை, வானொலி கேட்கும் நேயர்கள் மறவாதிருப்பார்களாக.