கறுப்பு வேறு, நிழல் வேறு

(ராயபுரத்தில் ஓவியம் பழகும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்துப் பையனா இருந்தப்போ எங்க நைனாவை வரைஞ்சேன். துறைமுகத்துல நிலக்கரி எறக்கற வேலை அவருக்கு. கறுத்த மனுசன், கரி வேற அப்பியிருக்கும். நானும் பென்சிலை அழுத்தி மூஞ்சி பூரா தேய்ச்சுட்டேன். பாத்துட்டுக் கேட்டாரு: "இன்னாடா இது, என் மூஞ்சி எங்கடா?"

அந்தக் கேள்விதான் எனக்குப் பாடம். கறுப்பு, தோலின் நிறம். நிழல், வெளிச்சம் விழாத இடம். இரண்டையும் ஒன்றாக்கினேன், முகம் காணாமற்போனது.

பிறகொரு நாள் காசிமேட்டில் சாயங்கால வெயிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில், கன்ன எலும்பில், மூக்கு நுனியில் பளிச்சென்று ஒளி. சிவப்புத் தோலைவிட, வேர்வையில் நனைந்த கறுத்த தோலில்தான் ஒளி எடுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் காகிதத்தை அப்படியே விடணும். தாடைக்குக் கீழேயும் முழுக் கறுப்பில்லை. தரையில் பட்ட வெயில் திரும்பி அங்கே ஏறும்.

நான் பார்த்து வளர்ந்த பத்திரிகைக் கதைப் படங்களில் கதாநாயகன் முகம் பெரும்பாலும் வெறும் காகித வெள்ளை. கூலிக்காரன், ரவுடி என்றால் மை அப்பிய முகம். அது நிழல் இல்லை தோழர்களே, கறை.

வரையத் தெரிஞ்சவன் என்ன செய்வான்? 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தப்ரசாத் மேதினிப்பூர் கிராமங்களில் அலைந்து மையால் வரைந்தார். விலா எலும்புகளுக்கிடையே அவர் போட்ட நிழல் பசியைக் காட்டியது. 'ஹங்ரி பெங்கால்' என்ற அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்து எரித்தது வெள்ளை அரசு.

சிறுபத்திரிகைக்கு மை போதும். கோட்டு பிளாக் காலத்தில் பென்சில் தேய்ப்பு அச்சில் விழாது. நெருக்கிப் போட்ட கோடு, குறுக்குக் கோடு, புள்ளி, இவைதான் நிழல். ஜெராக்ஸ் எடுத்தாலும் இவை கெடாது.

கடைசியா ஒன்று. பேஷ்வா ஆட்சியில், எதிரே இந்து வந்தால் நிழல் பட்டுத் தீட்டாகும் என்று தீண்டப்படாதவரைப் பொதுத்தெருவில் நடக்க விடவில்லை. 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை எழுதுகிறார். படத்தில் காலடி நிழலைப் போடாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பான். நிழல் விழுந்தால்தான் தரையில் நிற்பான்.

நம்ம ஆளுங்களை வரையும்போது மூஞ்சியில வெளிச்சத்தை விடுங்க. காலடியில நிழலை நல்லா அழுத்திப் போடுங்க. தெருவுல விழட்டும்.