பலூன் துப்பாக்கிக்குப் பாலிஷா, எண்ணெயா?

(எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும் என்று லேசாக மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோட் வரலை. காரணம் ஒரு துப்பாக்கி. பயப்படாதீங்க, பலூன் சுடுற துப்பாக்கி.

நம்ம ஏரியா ஆளுங்களுக்குத் தெரியும். திருவேற்காடு கோயில்ல ஆடி மாசக் கூட்டம் ஆரம்பிச்சா, ரோட்டோரம் ஒரு பலகையில கலர் கலரா பலூன் கட்டி, முன்னாடி ரெண்டு துப்பாக்கி வெச்சிருப்பாங்க. அப்படிக் கடை போடுற ஒரு அண்ணா ஆவடியில எங்க தெருவுக்கு அடுத்த தெரு. நான் வீட்டு மாடியில பழைய நாற்காலிக்கு பாலிஷ் போடுறதைப் பார்த்துட்டு, "தம்பி, என் துப்பாக்கிக் கட்டையையும் இப்படிப் பண்ணித் தர முடியுமா? எங்க அப்பா வெச்சிருந்தது"ன்னு கேட்டாரு. ஆடி முதல் ஞாயிறுக்கு மூணு வாரம் இருந்தது. "ஒரே வாரத்துல முடிச்சிடலாம்ண்ணா"ன்னு சொல்லிட்டேன். அங்கதான் தப்பு ஆரம்பம்.

முதல்ல பாதுகாப்பு. உள்ள குண்டு இல்லைன்னு பார்த்துட்டு, ஸ்க்ரூவைக் கழட்டி, இரும்பைத் தனியா எடுத்து வெச்சுட்டேன். கைக்கு வந்தது வெறும் மரக்கட்டை. மேல உரிஞ்சு போன பழைய வார்னிஷ், அதுக்கு மேல கறுப்பா ஒரு பிசுக்கு. என்னன்னு கேட்டா, அண்ணா வருஷா வருஷம் தேங்காய் எண்ணெய் தடவியிருக்காரு.

நம்ம வீட்டுல எதுக்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான். ஆனா அது காயவே காயாது. அப்படியே ஈரமா இருந்து தூசியைப் பிடிக்கும். லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், வேற ரகம். காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டியாகும். பிரிட்டிஷ் ராணுவத்தோட .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள் கட்டைக்கும் இதே எண்ணெய்தான். நம்ம நாட்டுல அந்த ரைஃபிள் மேற்கு வங்காளத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில தயாராச்சு. அப்புறம் வந்த இன்சாஸ் ரைஃபிள்ல பிளாஸ்டிக்கும் வந்துடுச்சு.

சரி, நம்ம கட்டைக்கு வருவோம். ரிமூவர் போட்டு வார்னிஷை உரிச்சு, உப்புத்தாள் 120, 180, 240ன்னு வரிசையா, மர ரேகை ஓடுற திசையிலேயே தேய்ச்சேன். ரெண்டு விஷயம் கவனிக்கணும். இரும்பு வந்து உக்கார்ற ஓரத்தைத் தேய்க்கக் கூடாது. அங்க மரம் குறைஞ்சா மாட்டும்போது இடுக்கு தெரியும். அடிபட்டு அமுங்கின இடத்தையும் தேய்க்க வேண்டாம். ஈரத்துணியை மேல வெச்சு அயர்ன் பாக்ஸை ஒத்தினா, நாறு அறுபடாம இருந்தா மரம் ஆவியைக் குடிச்சு மேல எழும்பும்.

இடது கை பிடிக்கிற இடத்துல லேசா ஒரு குழி. அமுங்கினது இல்லை, எத்தனையோ பேர் பிடிச்சுப் பிடிச்சுத் தேய்ஞ்சது. அதைச் சமமாக்கவான்னு கேட்டேன். "அது இருக்கட்டும் தம்பி, கை தானா அங்க போய் உக்காரும்"னாரு. விட்டுட்டேன். தேய்ச்சு எடுத்த மரத்துக்கு அன்டூ கிடையாது.

அடுத்து கலர். எனக்கு ஆசை, வீடியோல பார்க்குற மாதிரி கறுப்புக் காப்பி கலர் வால்நட் ஸ்டெய்ன். கட்டையோ வெளிர் நிற மரம். நேரா மேல பூசாம, உள்பக்கம், குழாய் உக்கார்ற பள்ளத்துல கொஞ்சம் தடவிப் பார்த்தேன். நம்ம பாஷையில சொன்னா ஸ்டேஜிங்ல டெஸ்ட். சில இடம் திட்டுத்திட்டா கறுத்துப் போச்சு. கட்டையோட முனையில, மரத்தை வெட்டின முகம் தெரியுற இடத்துல, இன்னும் ஜாஸ்தியா குடிச்சுது. ஸ்டெய்ன் மரத்தைக் காப்பாத்தாது, நிறம் மட்டும்தான் தரும். உள்ள இறங்கிடுச்சுன்னா மறுபடி தேய்ச்சுதான் எடுக்கணும்.

அண்ணா பார்த்துட்டு ஒரே வரியில முடிச்சாரு: "இவ்ளோ கறுப்பா பண்ணா ராத்திரி சீரியல் லைட்ல எங்க வெச்சேன்னே தெரியாது." அதோட ஸ்டெய்ன் டப்பாவை மூடிட்டேன். எண்ணெய் பட்டாலே வெளிர் மரம் தேன் கலருக்கு வந்துடும். அது போதும்.

மேல் பூச்சுக்கு மூணு வழி இருந்தது. ஒண்ணு பிரெஞ்சு பாலிஷ். ஜார்க்கண்ட் பக்கம் மரத்துல வாழ்ற பூச்சி தர்ற அரக்குலேர்ந்து எடுக்கிறது. பளபளன்னு அழகா இருக்கும், ஆனா தண்ணி நின்னா வெள்ளையா பூத்துடும். ஆடி மாசக் கூட்டத்துல எத்தனை வேர்த்த கை! ரெண்டு, பி.யூ. பாலிஷ். கண்ணாடி மாதிரி நிக்கும், தண்ணிக்கும் தாங்கும். ஆனா ஒரு இடத்துல பேந்துச்சுன்னா அங்க மட்டும் ஒட்டுப் போட்டா தெரியும். சுத்தமா பண்ணணும்னா முழுசா உரிக்கணும். மூணு, எண்ணெய். பி.யூ. அளவுக்குத் தாங்காது. ஆனா தேய்ஞ்ச இடத்துல துணியில ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சா சரியாயிடும். அதை அண்ணாவே பண்ணலாம், நான் வேணாம்.

அதனால எண்ணெய். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பெயின்ட் கடையில டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் வாங்கினேன். அதுல சீக்கிரம் காய்றதுக்கு மருந்து கலந்திருக்கும். "சீக்கிரம்"ங்கிற வார்த்தையை நம்பி, ஒரே நாள்ல மூணு கோட் தாராளமா பூசி, துடைக்காம விட்டுட்டேன். அந்த வாரம் பூரா சாயங்கால மழை, ஈரக்காத்து. மேல ஆடை மாதிரி படிஞ்சுது, அடியில பிசுபிசு. எட்டு நாள் ஆகியும் விரல் வெச்சா ரேகை விழுது.

ஆடி முதல் ஞாயிறு வந்துடுச்சு. துப்பாக்கி என் மாடியில. அண்ணா ஒத்தைத் துப்பாக்கியோட கடை போட்டாரு. "ரெண்டு இருந்தா ரெண்டு பேர் சுடுவான். ஒண்ணுதான்னா பின்னாடி நிக்கிறவன் போயிட்டே இருப்பான் தம்பி." கோவமா சொல்லலை, கணக்கா சொன்னாரு. அதுதான் கஷ்டமா இருந்தது. அன்னைக்குப் போன வருமானத்தை நான் தர்றேன்னேன். "காசு வேணாம், அடுத்த ஞாயிறுக்குக் குடு"ன்னாரு.

டர்பன்டைன் நனைச்ச துணியால பிசுக்கு முழுசையும் துடைச்சு எடுத்தேன். மறுபடி முதல்லேர்ந்து. எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து மெல்லிசா தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேல ஒரு சொட்டு மிச்சமில்லாம துடைக்கணும். ஒரு நாளைக்கு ஒரே கோட். ஃபேன் காத்து. அஞ்சு கோட்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. லின்சீட் ஆயில் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க. காயும்போது சூடாகித் தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்லன்னா தண்ணியில முக்கி வையுங்க.

ரெண்டாவது ஞாயிறு காலையில கொண்டு போய்க் குடுத்தேன். அண்ணா கன்னத்துல வெச்சுப் பார்த்தாரு, குழியில கையை வெச்சாரு. "ஒட்டலை"ன்னாரு. வேற பாராட்டு எதுவும் இல்லை. மிச்ச எண்ணெயை ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தி, ஒரு பருத்தித் துணியோட அவர்கிட்டயே குடுத்துட்டேன். தேங்காய் எண்ணெய்க்கு பதில் இனி இது.

நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான். ஸ்டெய்னோ, எண்ணெயோ, பாலிஷோ, கடையில நின்னு எது அழகுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, நாளைக்கு இது தேய்ஞ்சா யார் சரி பண்ணுவாங்கன்னு கேளுங்க. அப்புறம் டப்பா மேல போட்டிருக்கிற நேரத்தை நம்பித் தேதி குடுக்காதீங்க. மெட்ராஸ் ஈரக்காத்து அந்த டப்பாவைப் படிக்கிறதில்லை.

திருவேற்காடு பக்கம் போனா பலூன் சுடுங்க. தேன் கலர் கட்டைதான் நம்மளுது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!