பழைய கருவியும் புதிய கருவியும்



வாக்கி-டாக்கிக் கருவியைக் கண்டிராதவர் இன்று அரியர். ரயில் நிலையத்திலும், காவல் படையிலும், தீயணைப்புப் படையிலும் அது இடையறாது பேசிக்கொண்டிருக்கிறது. அக்கருவிகளில் இப்பொழுது இரண்டு வகை உண்டு. ஒன்று அனலாக், மற்றொன்று டிஜிட்டல். பழையது ஒருவர் கையிலும் புதியது வேறொருவர் கையிலும் இருப்பின், இருவரும் உரையாட இயலுமா என்பதே நாம் ஆராயவேண்டிய பொருள்.

அனலாக் கருவியில், குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வானொலி அலையின் அதிர்வெண்ணும் ஏறி இறங்குகிறது. கேட்கும் கருவி அதனை மீண்டும் குரலாக்கித் தருகிறது. டிஜிட்டல் கருவியோ குரலை அளந்து, எண்களாகச் சுருக்கி, அவ்வெண்களையே அனுப்புகிறது. இதனால் ஆதாயம் உண்டு. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.எம்.ஆர். முறையில், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே பாதையில், காலத்தைக் கூறிட்டு இரண்டு உரையாடல்களை நடத்தலாம். இரைச்சலும் குறைகிறது.

ஆனால் இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் நிகழ்வது என்ன? டிஜிட்டல் அலை அனலாக் கருவியில் வெறும் கரகரப்பாகவே கேட்கும். டிஜிட்டல் முறையில் வைக்கப்பட்ட கருவியோ, அனலாக் குரல் வரும்போது வாய்மூடி இருந்துவிடும். வாட் அளவைக் கூட்டியும் பயனில்லை. தமிழறியாத வங்காளியிடம் உரக்கத் தமிழ் பேசினால் மட்டும் அவருக்குப் பொருள் விளங்கிவிடுமா?

இதற்கு ஒரு வழி உண்டு. டி.எம்.ஆர். கருவிகளுள் மிகப் பல, அனலாக் முறையிலும் பேச வல்லவை. புதியது பழையதன் மொழியைப் பேசும். பழையது புதியதன் மொழியைக் கற்காது. ஆகவே இறங்கிவர வேண்டியது புதியதே. அப்பொழுதும் அதிர்வெண், பாதையின் அகலம், உள்ளடங்கிய குறியொலி ஆகிய மூன்றும் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும்.

ரிப்பீட்டர் நிலையம் மொழிபெயர்த்துத் தரும் என்று நம்புவோரும் உளர். இருவகையையும் ஏற்கும் நிலையம், அனலாக்கை அனலாக்காகவும் டிஜிட்டலை டிஜிட்டலாகவுமே திருப்பி அனுப்புகிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குத் தனி இணைப்புக் கருவி வேண்டும். மேலும், டிஜிட்டலிலேயே டி.எம்.ஆர்., பி-25, டெட்ரா எனப் பல முறைகள் உள. அவையும் தம்முள் பேசிக்கொள்வதில்லை.

பல மாநில மீட்புப் படையினர் ஒரே வெள்ளப் பகுதியில் கூடும்போதுதான் இதன் அருமை புலப்படும். படகிலிருப்பவர் கூப்பிட, கரையிலிருப்பவருக்குக் கரகரப்பு மட்டும் கேட்குமாயின், விலையுயர்ந்த கருவியால் என்ன பயன்? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, அங்குச் சென்றிருந்த அமெச்சூர் வானொலியாளர் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். கூப்பிட்டவரும் கேட்டவரும் ஒரே முறையைக் கையாண்டதாலன்றோ அது கைகூடியது! கடலில் ஆபத்துக்கால அழைப்புக்கென ஒதுக்கிய 16-ஆம் சானலும், 156.8 மெகாஹெர்ட்ஸில், இன்றும் அனலாக் குரலாகவே இயங்குகிறது. எந்நாட்டுக் கப்பலும் எந்நாட்டுக் கப்பலின் குரலையும் கேட்கவேண்டும் என்பதே நோக்கம்.

ஆதலின், புதிய கருவி வாங்கும் நிர்வாகத்தினர் பழையவற்றை ஒரே நாளில் ஒதுக்கிவிடலாகாது. மாற்றம் முடியும்வரை, எல்லாக் கருவிகளிலும் பொதுவான அனலாக் சானல் ஒன்றை ஒரே எண்ணில் அமைத்து வைத்தல் வேண்டும். அண்டைப் படையினரோடு அதில் பேசிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளவும் வேண்டும். வெள்ளம் வந்த பின்னர் சானலைத் தேடுவது, வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவது போன்றதே ஆகும்.