வன்தட்டு காட்டும் குறிகள்



நோய் முற்றுமுன் உடல் குறிகாட்டுவதுபோல, கணினியின் வன்தட்டும் குறிகாட்டுவதுண்டு. அதனுள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. வாசிக்கும் தலையோ அவற்றைத் தொடாமல், தலைமயிரின் பருமனிலும் மிகச் சிறிய இடைவெளியில் மிதக்கின்றது. அத்தலை தன் இடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் தேடும்போது ‘டிக், டிக்’ என்ற ஓசை எழும். கோப்புகள் திறக்கத் தாமதிக்கும், சில சிதைந்திருக்கும். ‘ஸ்மார்ட்’ எனும் தற்சோதனையிலே பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

சென்ற வருடம் என் கணினியில் இவ்வோசையைப் பத்து நாட்கள் கேட்டும் வாளாவிருந்தேன். பதினோராம் நாள் என் ஆய்வுக்கட்டுரையும், காலஞ்சென்ற அம்மம்மாவின் குரற்பதிவும் ஒருங்கே அழிந்தன. கட்டுரையை மீண்டும் எழுதினேன். குரலை எங்கே தேடுவேன்?

ஆதலால், குறி கண்டதும் திருத்த முயலாதீர்கள். கிடைத்தற்கரியவற்றை முதலில் வேறிடத்திற் பிரதி செய்யுங்கள். குறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2007இல் கூகிள் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்விலே, பழுதுற்ற வன்தட்டுகளுள் அரைவாசிக்கு மேற்பட்டவை ‘ஸ்மார்ட்’ சோதனையின் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளுள் ஒன்றையேனும் காட்டவில்லை. இன்றிரவே ஒரு பிரதி எடுத்து வைப்போமாக!